திறவுகோல் யாரிடம்?

செல்வம் சேர்த்தவர்களின் வரலாறு நமக்கு நிரம்ப உண்டு. அதைக் காத்தவர்களின் வரலாறும், காக்க இயலாமற் போனவர்களின் வரலாறும் அவ்வளவாக எழுதப்படவில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய வரலாறு ஒன்று. அது நெடியதும் அன்று; பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களை மக்கள் எவ்வாறு காத்தார்கள், எவ்வாறு பறிகொடுத்தார்கள் என்பதே அது. இந்நாணயங்களை வாங்கலாமா, வாங்கலாகாதா என்னும் வழக்கில் நான் புகப்போவதில்லை. அதற்குப் பொருளாதாரப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆயினும் வாங்கியவர்களும், வாங்கும் எண்ணம் உடையவர்களும் மாணவர்களிடையே பலர் உளர் என்பதை நான் அறிவேன். பறிபோன கதைகளைக் கேட்டு வைப்பதில் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

கதையை 1883-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஹாலந்து நாட்டிலே பிறந்து பாரிஸ் நகரிலே மொழியாசிரியராக இருந்த ஓகுஸ்த் கெர்க்காஃப்ஸ் என்பார், படைத்துறையில் வழங்கும் மறையெழுத்தைப் பற்றி அவ்வாண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்தியை மறைத்து எழுதும் முறையையே இரகசியமாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று அக்காலத்தில் பலர் கருதினர். கெர்க்காஃப்ஸ் அதை மறுத்தார். மறைக்கும் முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரலாகாது. திறவுகோல் ஒன்று மட்டுமே இரகசியமாக இருத்தல் வேண்டும் என்றார். பூட்டின் அமைப்பை ஊரறியச் சொல்லலாம், சாவியை மட்டும் மடியில் முடிந்துகொள் என்பது அவர் கருத்து. அதனோடு மேலும் ஒன்றைக் கூறினார். திறவுகோல் ஏட்டில் எழுதி வைக்காமலே நினைவிற் கொள்ளத்தக்கதாகவும், வேண்டியபோது மாற்றிக்கொள்ளத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றார். இந்த இரண்டாவது கூற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் துன்பமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

1976-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் திறவுகோலை இரண்டாகப் பகுக்கும் வழியைக் கூறினர். ஒன்றை உலகுக்கெல்லாம் அறிவித்துவிடலாம்; மற்றொன்றை உடையவன் மறைவாக வைத்துக்கொள்வான். மறைவான திறவுகோலைக் கொண்டு அவன் இடும் ஒப்பத்தை, வெளிப்படையான திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். இந்தக் கருத்தின்மேல் எழுந்த கட்டடந்தான் பிட்காயின். 2008-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அப்பெயருக்கு உரியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 2009 ஜனவரி 3-ஆம் நாள் அந்நாணயத்தின் முதற்கணக்கு எழுதப்பட்டது.

நாணயம் என்றவுடன் கையில் தொடத்தக்க ஒரு பொருளை எண்ண வேண்டா. இங்கே உள்ளது ஒரு பேரேடு மட்டுமே. அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளன. விரும்பியவர் எவரும் அதைப் படிக்கலாம். இன்ன முகவரியில் இவ்வளவு இருக்கிறது என்னும் பற்றுவரவுதான் நாணயம். அதை வேறொரு முகவரிக்கு மாற்ற வேண்டுமாயின், அம்முகவரிக்கு உரிய இரகசிய எண்ணைக் கொண்டு ஒப்பமிட வேண்டும். அவ்வெண்ணை அறிந்தவன் எவனோ அவனே உடையவன். பேரேடு அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. குலம் கோத்திரம் கேட்பதில்லை. எழுதிய கணக்கை அழித்துத் திருப்பித் தருவாரும் இல்லை. வங்கியிலே காசோலையில் எவரேனும் பொய்யொப்பம் இட்டால் நாம் மேலாளரிடம் சென்று முறையிடலாம். இங்கே முறையிடுவதற்கு ஒரு மேசையும் நாற்காலியும் கூட இல்லை.

அந்த இரகசிய எண், நம் எண்முறையில் எழுதினால், 78 இலக்கம் வரை நீளும். முறையாகத் தேர்ந்தெடுத்த அத்தகைய எண்ணை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் கண்டுபிடித்தவர் இதுகாறும் எவரும் இலர். அப்படியானால் இத்தனை களவுகள் நிகழ்ந்தது எவ்வாறு? கணினி நிரலில் விடப்பட்ட ஓட்டை வழியே போன செல்வமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2016-ஆம் ஆண்டு ஜூனில் 'டாவோ' என்னும் பொதுநிதியிலிருந்து 36 இலட்சம் ஈதர் நாணயங்கள் சென்றது அவ்வழியேதான். ஆனால் நான் சொல்லப்போகும் களவுகளில் பூட்டு உடைபடவே இல்லை. சாவி வைத்திருந்தவனிடமிருந்து சாவி போயிற்று. அல்லது சாவி வைத்திருந்தவனே ஏமாந்து திறந்துவிட்டான். அல்லது அவனே கள்வனாக இருந்தான்.

கெர்க்காஃப்ஸ் வேண்டிய இரண்டு பண்புகளும் இந்தச் சாவிக்கு இல்லை. 78 இலக்க எண்ணை நினைவிற் கொள்ளுதல் இயலாது. ஒரு முகவரிக்கு ஒரு சாவிதான். அது வெளிப்பட்டுவிட்டதென்று ஐயம் எழுந்தால், வீட்டுப் பூட்டை மாற்றுவதுபோல மாற்ற முடியாது. செல்வத்தை வேறு முகவரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். முதற்குறையைத் தீர்க்க 2013-ஆம் ஆண்டில் ஒரு வழி வகுத்தனர். 2,048 ஆங்கிலச் சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை அமைத்து, அதிலிருந்து 12 அல்லது 24 சொற்களை ஒரு வரிசையில் எழுதிக்கொண்டால், சாவிகள் அனைத்தையும் மீட்டெடுக்கலாம் என்று செய்தனர். சொற்களின் தேர்வில் கூட நுட்பம் உண்டு. முதல் நான்கு எழுத்துக்களைக் கொண்டே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். எழுதிய தாள் ஒரு பக்கம் நைந்து போனாலும் படித்துக்கொள்ளலாம் அல்லவா?

எனினும், அந்த வழி தோன்றுவதற்கு முன்பு நாணயம் சேர்த்தவர்கள் பட்ட பாடு பெரிது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்தவர் ஒருவர் வைத்திருந்த ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் சாவி ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. 2013-இல் அது குப்பையோடு குப்பையாக நகரத்துக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. தோண்டிப் பார்க்க விடுங்கள் என்று அவர் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். நகராண்மைக் கழகம் இசையவில்லை. 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. சான்பிரான்சிஸ்கோ நகரப் பொறியாளர் ஒருவரிடம் 7,002 பிட்காயின்களின் சாவி ஒரு சிறு கருவியில் அடங்கியிருந்தது. பத்து முறை தவறான கடவுச்சொல்லை இட்டால் அக்கருவி தன் உள்ளடக்கத்தை நிலையாகப் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்துவிட்டது. 2021-இல் இச்செய்தி உலகுக்குத் தெரிந்தபோது அவர் எட்டு முறை முயன்று தோற்றிருந்தார். இவ்விருவரிடமும் திருடன் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாவியைத் தாமே வைத்திருப்பதில் இத்தனை இடர் உண்டென்றால், அதைப் பிறரிடம் ஒப்படைத்துவிடலாமே என்று மக்கள் நினைத்தது இயல்பே. அங்கே தோன்றியவைதாம் மாற்று நிலையங்கள். டாலரையோ யென்னையோ ரூபாயையோ பெற்றுக்கொண்டு நாணயம் தரும் கடைகள் அவை. ஆனால் அங்கே வாங்கியவர், தம் நாணயத்தை அங்கேயே விட்டுவைத்தால், அவர் கையில் இருப்பது சாவி அன்று. நிலையத்தார் தம் சொந்தக் கணக்கில் எழுதிவைத்த ஒரு வரி மட்டுமே. உலகப் பேரேட்டில் அந்நாணயம் நிலையத்தின் முகவரியில்தான் இருக்கும்.

டோக்கியோ நகரின் ஷிபுயா வட்டாரத்தில் 'மவுண்ட் காக்ஸ்' என்றொரு மாற்று நிலையம் இருந்தது. பெயரைக் கேட்டு ஏதோ மலை என்று எண்ணிவிடாதீர்கள். மந்திரவாதிகளின் படம் பொறித்த ஒருவகை ஆட்டச் சீட்டுகளை இணையத்தில் விற்பதற்கென்று ஜெட் மக்கேலப் என்னும் அமெரிக்கர் வைத்த பெயரின் சுருக்கம் அது. 2010 ஜூலையில் அவர் அதே பெயரில் பிட்காயின் வாணிகம் தொடங்கினார். 2011 மார்ச்சில், டோக்கியோவில் வாழ்ந்துவந்த மார்க் கார்ப்பலேஸ் என்னும் பிரெஞ்சு இளைஞருக்கு அதை விற்றுவிட்டார். 2013-ஆம் ஆண்டளவில் உலகத்துப் பிட்காயின் வாணிகத்தில் பத்தில் ஏழு பங்கு அங்கே நடைபெற்றது என்பர். சீட்டு விற்க வைத்த பெயரின்கீழ் உலகத்தின் கருவூலமே வந்து குவிந்துவிட்டது.

அக்கருவூலத்திற்கு முதல் எச்சரிக்கை 2011 ஜூன் 19-ஆம் நாள் வந்தது. உயர்நிலைக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லைக் கைப்பற்றிய ஒருவன் உள்ளே புகுந்து, பெருந்தொகையான நாணயங்களை ஒரே மூச்சில் விற்பனைக்கு விட்டான். 17 டாலர் அளவில் இருந்த விலை அந்நிலையத்தில் சில நிமிடங்களில் ஒரு சென்ட்டாக வீழ்ந்தது. வாடிக்கையாளர்கள் கலங்கினர். நாணயங்கள் தம்மிடம் பத்திரமாக உள்ளன என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை கார்ப்பலேஸுக்கு ஏற்பட்டது. சில நாட்களில் அவர் 4,24,242 பிட்காயின்களை ஒரு முகவரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, உலகப் பேரேட்டில் யாவரும் காணச் செய்தார். சாவி கையில் இல்லாதவன் இவ்வாறு மாற்ற முடியாது அல்லவா? மக்கள் மனம் அமைந்தது.

எனக்கு இந்த நிகழ்ச்சி மிகவும் சிந்தனைக்கு உரியதாகத் தோன்றுகிறது. அன்று அவர் காட்டியது பொய்யன்று. சாவி அவரிடம் இருந்தது. ஆனால் சாவி ஒருவனிடம் இருக்கிறது என்பது வேறு. அவனிடம் மட்டுமே இருக்கிறது என்பது வேறு. பொன் களவு போனால் பெட்டி வெறுமையாகும்; உடனே தெரிந்துவிடும். எண் களவு போனால் உடையவனிடமும் அது இருக்கும், கள்வனிடமும் இருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் அதுதான் நடந்தது. அமெரிக்க நீதித்துறை 2023-இல் வெளியிட்ட குற்றப்பத்திரிகையின்படி, ரஷியர் இருவர் அத்திங்களளவில் மவுண்ட் காக்ஸின் கணினிக்குள் புகுந்து, தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ 6,47,000 பிட்காயின்களைச் சிறிது சிறிதாக வெளியேற்றினர். நிலையத்தில் புதிதாகப் பணம் போட வருபவரின் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. ஒருவர் கேட்டதை மற்றொருவர் போட்டதிலிருந்து கொடுத்து வந்தனர். பெட்டியை எண்ணிப் பார்த்தவர் இல்லை.

2014 பிப்ரவரி 7-ஆம் நாள் நிலையம் நாணயம் திருப்பித் தருவதை நிறுத்தியது. இலண்டனிலிருந்து விமானம் ஏறி வந்த வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் பணம் எங்கே என்று எழுதிய அட்டையை ஏந்தி, பனி பெய்யும் நாட்களில் நிலையத்தின் வாயிலில் நின்றார். பிப்ரவரி 28-ஆம் நாள் நிறுவனம் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. வாடிக்கையாளருடைய 7,50,000 பிட்காயின்களும் தன்னுடைய 1,00,000-மும் காணவில்லை என்று கூறியது. அடுத்த திங்களில், பழைய சாவிக்கோப்பு ஒன்றில் 2,00,000 பிட்காயின்கள் கிடப்பதைக் கண்டெடுத்தனர்! தொலைந்ததை அறியாதவர்கள் இருப்பதையும் அறியவில்லை. கார்ப்பலேஸ் 2015-இல் கைதானார். பணத்தைக் கையாடியதாகச் சாட்டிய குற்றத்திலிருந்து அவரை 2019 மார்ச்சில் நீதிமன்றம் விடுவித்தது. கணக்கைத் திருத்தி எழுதிய குற்றம் மட்டும் உறுதியாகி, இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

வாணிகத்தில் பழகியவர் கடையின் முன்புறம் சில்லறைக்குக் கல்லாப்பெட்டியும், உள்ளறையில் இரும்புப்பெட்டியும் வைப்பர். மவுண்ட் காக்ஸின் வீழ்ச்சிக்குப் பின்னர் மாற்று நிலையங்களும் இம்முறையைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளத் தொடங்கின. இணையத்தோடு இணைந்த கணினியிலுள்ள சாவி கல்லாவைப் போன்றது. இணையம் தொடாத கருவியிலோ தாளிலோ உள்ள சாவி இரும்புப்பெட்டி. ஒரே ஆளிடம் சாவி இருத்தல் ஆகாது என்று, பலர் கூடி ஒப்பமிட்டாலன்றித் திறவாத பெட்டிகளும் தோன்றின. வங்கிப் பெட்டகத்தை வாடிக்கையாளர் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்து திறப்பது போன்ற ஏற்பாடு அது.

இரும்புப்பெட்டியின் சாவி ஒருவனிடமே இருந்தால் என்னாகும் என்பதைக் கனடா நாட்டின் 'குவாட்ரிகா' நிலையம் காட்டியது. அதன் தலைவர் ஜெரால்டு காட்டன் 30 வயது இளைஞர். 2018 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது ஜெய்ப்பூரில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். இரும்புப்பெட்டியின் சாவிகள் அவரோடு மறைந்துவிட்டன என்று 2019 தொடக்கத்தில் நிறுவனத்தார் அறிவித்தனர். 76,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 21 கோடியே 50 இலட்சம் கனடா டாலர். இறந்தவனின் சாவியை எங்கே தேடுவது என்று உலகம் வியந்தது. பேரேடு வெளிப்படையானது என்று முன்பே சொன்னேன். சாவி இல்லாமற் போனாலும் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்கத் தடையில்லை. தணிக்கையாளர் பார்த்தனர். அந்தப் பெட்டிகள் 2018 ஏப்ரல் முதலே வெறுமையாக இருந்தன! வாடிக்கையாளர் நாணயத்தைக் கொண்டு காட்டன் தாமே வாணிகமாடித் தோற்றிருந்தார் என்று ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020-இல் அறிக்கை தந்தது. அமெரிக்கரான சாம் பேங்க்மன்-ஃபிரைடு நடத்திய 'எஃப்டிஎக்ஸ்' நிலையம் 2022 நவம்பரில் வீழ்ந்தபோதும் ஏறத்தாழ இதே கதைதான், பன்மடங்கு பெரிதாக. அவருக்கு 2024-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இவற்றைத் தொழில்நுட்பத்தின் குற்றம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடகுக்கடைக்காரர் நகையோடு ஓடிப்போவது தராசின் குற்றமா?

திருடியவர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். 2016 ஆகஸ்ட்டில் 'பிட்ஃபினெக்ஸ்' என்னும் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 பிட்காயின்கள் களவு போயின. அன்றைய மதிப்பு 7 கோடி டாலருக்கு மேல். அந்நிலையத்தார் நட்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பகிர்ந்து வைத்து, ஒவ்வொருவர் கணக்கிலும் நூற்றுக்கு 36 பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கடன்சீட்டு வழங்கி, 2017 ஏப்ரலுக்குள் மீட்டுக்கொண்டனர். களவாடிய இலியா லிக்டென்ஸ்டைன் ஐந்தாண்டுக்கு மேல் அகப்படவில்லை. அவரும் மனைவி ஹெதர் மார்கனும் ஒரு பகுதியைத் தங்கக் காசாக மாற்றி மண்ணில் புதைக்கக்கூடச் செய்தனர். ஆனால் அவர் 2,000 முகவரிகளையும் அவற்றின் சாவிகளையும் ஒரே கோப்பில் எழுதி, இணையச் சேமிப்பகம் ஒன்றில் வைத்திருந்தார். அரசாங்க அலுவலர்கள் அக்கோப்பின் பூட்டைத் திறந்தவுடன், 2022 தொடக்கத்தில், 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் மீட்கப்பட்டன. அப்போது அவற்றின் மதிப்பு 360 கோடி டாலர். பிறர் சாவியைத் திருடத் தெரிந்தவருக்குத் தம் சாவியைக் காக்கத் தெரியவில்லை.

இனி, பலர் கூடி ஒப்பமிடும் பெட்டிக்கு வருவோம். இது நம் நாட்டோடு நேரே தொடர்புடையது. மும்பையைச் சேர்ந்த 'வசீர்எக்ஸ்' நிலையத்தின் பெரும் பெட்டி ஒன்றுக்கு ஆறு சாவிகள் இருந்தன. நான்கு ஒப்பங்கள் சேர்ந்தால் திறக்கும். 2024 ஜூலை 18-ஆம் நாள் நான்கு ஒப்பங்களும் முறையாகவே விழுந்தன. பெட்டியிலிருந்த ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் கள்வரிடம் சென்றன. திரையில் தோன்றிய செய்தி ஒன்று, ஒப்பம் பெற்ற ஆணை வேறொன்று என்று நிறுவனம் தெரிவித்தது. ஏழு திங்களுக்குப் பின், 2025 பிப்ரவரி 21-ஆம் நாள், துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட 'பைபிட்' நிலையத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே போனது ஏறத்தாழ 4,00,000 ஈதர். மதிப்பு 150 கோடி டாலர் அளவு. ஒப்பமிட்டவர்கள் பார்த்த இணையப் பக்கத்தையே கள்வர் முன்னதாக மாற்றி வைத்திருந்தனர். இரு களவுகளையும் வடகொரியாவின் ஆட்கள் செய்ததாக அமெரிக்க அரசாங்கம் கூறியது. நான்கு சாவிகள் இருந்தும் பயன் இல்லாமற் போனமைக்குக் காரணம், ஒப்பமிட்டவர்கள் பார்த்த கண்ணாடி ஒன்றாக இருந்ததே. பத்திரத்தைப் படித்துக் காட்டுபவன் ஒருவனே ஆனால், கைந்நாட்டு வைப்பவர் நால்வராயினும் நானூற்றுவராயினும் வேறுபாடு என்ன?

நிறுவனங்களின் கதை இவ்வாறிருக்க, தனி மனிதர் படும் பாடு வேறு வகை. சாவியைத் தாமே காக்க விரும்புவோர்க்கென்று சிறு கருவிகள் விற்பனைக்கு வந்தன. இணையத்தை நேரே தொடாமல் உள்ளுக்குள்ளேயே ஒப்பமிடும் கருவிகள் அவை. அத்தகைய கருவி செய்யும் 'லெட்ஜர்' என்னும் பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து 2020-இல் வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று களவு போனது. கருவிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் ஏறத்தாழ 2,70,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் கள்வர் சந்தையில் பரவிவிட்டன. உடனே மடல்கள் வரத் தொடங்கின. உங்கள் கருவிக்கு இடர் நேர்ந்துள்ளது, பாதுகாப்புக்காக உங்கள் 24 சொற்களை இங்கே எழுதுங்கள் என்று நிறுவனத்தின் முத்திரையோடே வந்த மடல்கள்! சிலருக்குப் போலிக் கருவியே அஞ்சலில் வந்தது. அந்தச் சொற்களை எந்த நேர்மையான நிறுவனமும், எந்த அரசாங்க அலுவலரும், எந்தக் காரணத்துக்காகவும் கேட்பதில்லை. கேட்ட அக்கணமே கேட்பவன் கள்வன் என்று முடிவு செய்துகொள்ளலாம். வேறு ஆராய்ச்சி வேண்டா. சொற்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும், மின்னஞ்சலில் தமக்குத் தாமே அனுப்பி வைப்பதும் லிக்டென்ஸ்டைன் செய்த பிழையே. தாளிலோ உலோகத் தகட்டிலோ எழுதி, நெருப்பும் நீரும் ஒருசேரத் தாக்காத இரண்டு இடங்களில் வைப்பவர்கள், நியூபோர்ட் நகரத்தாரின் துன்பத்துக்கும் ஆளாவதில்லை.

முகவரியை மாற்றி ஏமாற்றும் கலையும் வளர்ந்திருக்கிறது. முகவரி நீண்ட எழுத்துக் கோவை. மக்கள் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பிவிடுவர். அவ்வெட்டு எழுத்தும் ஒத்திருக்குமாறு வேறொரு முகவரியை உண்டாக்கி, நம் பழைய கணக்குகளின் நடுவே அதைக் கள்வன் நுழைத்துவிடுவான். 2024 மே திங்களில் ஒருவர் இவ்வாறு ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் டாலர் மதிப்புள்ள நாணயத்தை ஒரே அனுப்புகையில் இழந்தார். வியப்பு என்னவென்றால், உலகமே அந்த முகவரியை உற்றுப் பார்க்கத் தொடங்கியதும் கள்வன் அஞ்சிப் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டான். எல்லாக் கள்வரும் அப்படி அஞ்சுவதில்லை. முதலில் சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மிகுதியை அனுப்பும் பழைய வாணிகர் வழக்கத்துக்கு இங்கே இன்னும் வேலை இருக்கிறது.

மாணவர்களே, இதுவரை சொன்னவற்றில் கள்வனுக்குச் சாவி தேவைப்பட்டது. சாவியே வேண்டாத மோசடி ஒன்று உண்டு. இன்று மிகப் பலரைப் பற்றியிருப்பது அதுவே. முன்பின் அறியாத ஒருவர் தவறி வந்ததுபோல் ஒரு செய்தி அனுப்புவார். நட்பு வளரும். பல வாரம் பணத்தைப் பற்றிய பேச்சே இராது. பிறகு தாம் கிரிப்டோ நாணயத்தில் ஈட்டிய இலாபத்தைக் காட்டுவார். அவர் சுட்டும் செயலியில் நாம் போட்ட தொகை நாளும் பெருகுவதாகத் தோன்றும். முதலில் சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள். பெருந்தொகையை எடுக்கப் போகும்போது, வரி கட்டினால்தான் தரமுடியும் என்பார்கள். அந்த வரியையும் நாமே நம் கையால் அனுப்புவோம். பூட்டும் சாவியும் பத்திரமாக இருக்க, உடையவனே கதவைத் திறந்து எடுத்துக் கொடுக்கும் களவு இது.

இதில் நம்மவரின் துன்பம் ஒருபுறத்தில் மட்டும் இல்லை. 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்னும் விளம்பரத்தை நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர் சிலர், எல்லை கடந்து மியான்மர் நாட்டின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆயுதம் ஏந்தியவர் காவலில், அயல்நாட்டாரோடு பொய்ப்பெயரில் நட்புப் பேசி அவர்களை நாணய மோசடியில் வீழ்த்துவதே அங்கே அவர்களுக்கு இட்ட வேலை. மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். செய்தி அனுப்பும் அந்த முகமறியா நண்பர் நம்மூர்ப் பட்டதாரியாகவே இருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, கள்வன் என்று ஒரு சொல்லால் அவரைச் சுட்ட எனக்கு நா எழவில்லை.

நம் நாட்டில் சட்டம் இதை எவ்வாறு பார்க்கிறது என்று கேட்பீர்கள். 2022 முதல் இவ்வகை இலாபத்துக்கு நூற்றுக்கு 30 வரி விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் மாற்று நிலையங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அவை மத்திய அரசாங்கத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வரி வாங்குவதைக் கொண்டு அரசாங்கம் காப்புறுதி தருகிறது என்று கொள்வது பிழை. வங்கி வைப்புத் தொகைக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு அஃது இல்லை. ஏமாந்தவர்கள் 1930 என்னும் எண்ணில் உடனே தெரிவித்தால், வங்கி வழியே போன ரூபாயைச் சில வேளைகளில் இடையிலேயே நிறுத்திவைக்க இயலும். நாணயமாக மாறிப் போனதை நிறுத்துவது அரிது.

மவுண்ட் காக்ஸில் பணம் இழந்தவர்கள் என்ன ஆயினர் என்பதைச் சொல்லாமல் விட்டேன். ஜப்பானியத் திவால் சட்டப்படி, ஒரு பிட்காயினுக்கு வீழ்ச்சி நாளின் விலையாகிய ஏறத்தாழ 50,000 யென் என்று முதலில் கணக்கிட்டனர். வழக்கு நீண்ட காலத்தில் விலை பன்மடங்கு ஏறிவிட்டது. அந்தக் கணக்கின்படி கொடுத்தால் மிஞ்சுவது நிறுவனத்தின் பங்குதாரருக்குப் போய்விடும்! கடன்காரர்கள் மன்றாடி, 2018-இல் வழக்கை வேறு முறைக்கு மாற்றி, நாணயமாகவே பெறும் உரிமையைப் பெற்றனர். 2024 ஜூலையில்தான் முதன்முதலாக அவர்களுக்கு நாணயம் வரத் தொடங்கியது. பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் ஒரு பகுதியைப் பெற்றவர்களுக்கு அது அவர்கள் போட்ட முழுத் தொகையினும் பன்மடங்காக இருந்தது. இடையில் உரிமையை மலிவாக விற்றவர்களும் உண்டு, இறந்தவர்களும் உண்டு.

அந்நிலையத்திலிருந்து மற்றொரு களவும் நடந்தது. 2011 மார்ச்சுத் தொடக்கத்தில், கடை கைமாறிய அந்த நாட்களில், 79,957 பிட்காயின்கள் ஒரு முகவரிக்குச் சென்றன. அம்முகவரி பேரேட்டில் இருக்கிறது. நீங்களும் பார்க்கலாம், நானும் பார்த்திருக்கிறேன். பத்தாண்டுக்கு மேலாக அங்கிருந்து ஒரு காசும் வெளியே சென்றதில்லை. திருடியவன் பிடிபடுவதற்கு அஞ்சிக் காத்திருந்தானோ, இறந்துபோனானோ, அன்றி அவனும் தன் சாவியைத் தொலைத்துவிட்டானோ, அதைப் பேரேடு எழுதுவதில்லை.